பள்ளத்தூர் டு காரைக்குடி: பைக் பழகுகிறேன், நம்ம ஊர் ரோட்டில் எதைப் பார்த்து ஓட்டணும்?

பள்ளத்தூர்ப் பறவை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 22 வயசு. காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைச்சிருக்கு. பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வழியாத் தினமும் போய்வரணும். காலையில் பஸ் கிடைச்சிடும். சாயங்காலம் ஆபீஸ் முடியுற நேரம் எனக்கே தெரியாது, அதனால பஸ் சரிப்படல. அப்பாவோட 125 சிசி வண்டி வீட்டில் சும்மா நிக்குது. ஸ்கூட்டி வாங்கித் தர்றேன்னு சொன்னாங்க, எனக்குக் கியர் வண்டிதான் ஓட்டணும்னு ஆசை. எல்.எல்.ஆர் எடுத்தாச்சு. கிரவுண்டில் கால் ஊன்றாம எட்டு போட வருது. கிளட்ச், கியர் ரெண்டும் கைக்குப் பழகிருச்சு.

ரோட்டுக்கு வந்தாத்தான் தடுமாற்றம். படிச்சது எல்லாம் சிக்னலும் போர்டும். எங்க தெருவில் ரெண்டும் கிடையாது. நெல் காயுது, ஆட்டு மந்தை வருது, பின்னால லாரி ஹாரன் அடிக்குது, எல்லாம் ஒரே நேரத்தில். எதை முதல்ல பார்க்கணும்? இன்னொண்ணு: வெள்ளிக்கிழமை அப்பத்தாவைப் பின்னால உட்கார வச்சுக் கொப்புடையம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? ரொம்ப ஆசையாக் கேட்குது.

எட்டுப்போடு:
வாழ்த்துகள்மா. காரைக்குடியில் பல வருஷமா வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறேன்.

அப்பத்தா விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். இப்போ கூடாது. எல்.எல்.ஆரில் இருக்கிறவங்க பைக்கில் பின்னால ஆள் ஏத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. லைசென்ஸ் உள்ளவர் கத்துக்கொடுக்கிறதுக்காக உட்காரலாம், வேற யாரும் கூடாது. வண்டியில் முன்னாலயும் பின்னாலயும் வெள்ளையில் சிவப்பு 'எல்' இருக்கணும். எல்.எல்.ஆர் ஆறு மாசம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகு டெஸ்டுக்குப் போகலாம். 30 நாள் ஆச்சேன்னு ஓடிவராதே. அந்த ஆறு மாசத்தை எவ்வளவு பயன்படுத்த முடியுமோ அவ்வளவு பயன்படுத்திக்கோ. லைசென்ஸ் வாங்கின பிறகும் கொஞ்ச நாள் தனியா ஓட்டிட்டு அப்புறம் அப்பத்தாவை ஏத்து. பின்னால ஆள் உட்கார்ந்தா வண்டி நிக்கிற விதமும் திரும்புற விதமும் மாறிப்போகும்.

இப்போ முதல் கேள்வி. எட்டு போடுறது வண்டியை மெதுவாச் சமாளிக்கக் கத்துத்தருது. அது வேணும். ஆனா நல்லா எட்டு போடத் தெரிஞ்சவங்களும் ரோட்டில் விழுறாங்க. அவங்க பார்க்காத ஒண்ணு குறுக்க வந்திருக்கும், இல்லேன்னா பார்த்தும் நிறுத்த இடம் இருந்திருக்காது. அதனால என்கிட்டப் பழகுறவங்களுக்கு நான் போதும் போதும்ங்கிற அளவுக்குச் சொல்றது ஒண்ணுதான்: உன் கண்ணுக்கு எவ்வளவு ரோடு தெரியுதோ, அதுக்குள்ள வண்டி நிக்கணும். தெரியிற ரோடு சுருங்கினா வேகமும் சுருங்கணும்.

கணக்குப் போட்டுப் பாரு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகுது. ஆடு கண்ணில் பட்டு, மூளைக்கு உறைச்சு, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும்னு வச்சுக்கோ. அதுக்குள்ளயே 16, 17 மீட்டர் போயாச்சு. அதுக்கப்புறம் நல்ல தார் ரோட்டில், நல்ல டயரில், பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் பத்து மீட்டர். மொத்தம் 27 மீட்டர் பக்கம். அதே கணக்கு 60-ல் போனா 48 மீட்டர் பக்கம் வரும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினா பிரேக் தூரம் ரெண்டு மடங்குக்கு மேல கூடுது. மழைத் தண்ணி, செம்மண் தூசி, தேஞ்ச டயர் இதெல்லாம் சேர்ந்தா இன்னும் நீளும். கோட்டையூர் தாண்டி வளைவில் சீமைக்கருவேலம் ரோட்டுக்கு மேல சாய்ஞ்சு நிக்கிற இடத்தில் உனக்கு 48 மீட்டர் தெரியுதான்னு ஒருநாள் நின்னு பாரு.

பழக ஒரு வழி சொல்றேன். ஹெல்மெட்டுக்குள்ள வாய்விட்டுப் பேசிக்கிட்டே ஓட்டு. "இடது பக்கம் டீக்கடை, ஒருத்தர் டீ குடிச்சு முடிக்கிறார், வண்டியை எடுக்கலாம். வலது பக்கம் பஸ் நிக்குது, அது முன்னால இருந்து பிள்ளைங்க வரலாம்." இப்படிச் சொல்லச் சொல்லக் கண்ணு தானாத் தேட ஆரம்பிச்சிடும். முன்சக்கரத்தையே பார்த்துட்டு ஓட்டுற பழக்கமும் விட்டுப்போகும்.

கானாடுகாத்தான் கதவு:
எட்டுப்போடு அண்ணன் சொன்னதோட நம்ம ஊர்த் தெருவைப் பத்தி நான் கொஞ்சம் சொல்லணும். வெளியூர்க்காரங்களுக்கு வீடு காட்டுறது என் வேலை. நாள் முழுக்கக் கானாடுகாத்தான், ஆத்தங்குடித் தெருக்கள்லதான் இருப்பேன்.

நம்ம செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டுன்னு முழு நீளத்துக்கு ஓடும். தெருவும் கட்டம் போட்ட மாதிரி நேர்நேரா இருக்கும். அழகுதான். ஆனா பைக்கில் வர்றவங்களுக்கு அந்த நீளச் சுவர்தான் பெரிய ஆபத்து. சுவர் தெருமுனை வரைக்கும் வந்து அப்படியே முடியும். முனையில் ஒரு அடி கூட விட்டுக் கட்டியிருக்க மாட்டாங்க. குறுக்குத் தெருவில் வர்றவனை உன் தலை பார்க்கும்போது உன் முன்சக்கரம் ஏற்கெனவே அவன் பாதையில் இருக்கும். தெரு நேரா, காலியா, அகலமா இருக்கிறதால கை தானா முறுக்கும். அதுதான் வினை.

ஒவ்வொரு சந்திலும் ரெண்டாவது கியருக்கு வந்துடு. ஒரு சின்ன ஹாரன் கொடு. ஹாரன் கொடுத்துட்டோம்னு நேராப் போயிடாதே. எதிராளி காதில் இயர்போன் இருக்கலாம், அவனும் ஹாரன் அடிச்சிருக்கலாம். 2017-ல் வந்த வண்டி ஓட்டும் ஒழுங்குவிதிகள்படி, சிக்னலும் போலீசும் இல்லாத சந்திப்பில் வலது பக்கம் இருந்து வர்றவருக்கு வழி விடணும். கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும்போது பெரிய சாலையில் வர்றவருக்குத்தான் முன்னுரிமை. இது நம்ம ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால உனக்கு முன்னுரிமை இருந்தாலும் அவன் நிப்பான்னு நம்பிப் போயிடாதே.

அப்புறம், எங்க தெருவில் டூரிஸ்ட் ஆளுங்க முகப்பைப் போட்டோ எடுக்கப் பின்னாலயே நடந்துக்கிட்டு நடுத்தெருவுக்கு வருவாங்க. கண்ணெல்லாம் போனிலயும் வீட்டு மாடியிலயும் இருக்கும். கேமரா தூக்கின ஆளைப் பார்த்தா மெதுவாப் போயிடு.

கிளட்ச்வயர்:
தேவகோட்டையில் பட்டறை வச்சிருக்கேன். தங்கச்சி, அப்பா வண்டி எந்த வருஷத்து வண்டி? சும்மா நின்ன வண்டின்னு சொன்னியே, அதுதான் கேட்கிறேன்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற வண்டிகள்ல 125 சிசிக்கு மேல போனா ஏ.பி.எஸ் கட்டாயம், 125 சிசி வரைக்கும் குறைஞ்சது சி.பி.எஸ் இருக்கணும். சி.பி.எஸ்னா பைக்கில் பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஏ.பி.எஸ் சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கும். ரெண்டும் வேற வேற. சி.பி.எஸ் வண்டியில் மண்ணுல மொத்த பலத்தோட மிதிச்சா சக்கரம் பூட்டத்தான் செய்யும். அதுக்கு முந்தின பழைய வண்டின்னா ரெண்டுமே இல்லாம இருக்கலாம். அப்போ உன் கைதான் எல்லாம்.

முன் பிரேக்கைப் பிடிச்சாத் தூக்கிப் போட்டுடும்னு ஊரில் எல்லாரும் சொல்லியே பயமுறுத்தியிருப்பாங்க. அதைக் கேட்டுப் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுறவங்க வண்டியைப் பார்த்தாலே தெரியும், பின் லைனர் தேஞ்சு போயிருக்கும், முன் பிரேக் புதுசா இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியோட எடை முன்னால சாயுது. அதனால நிறுத்துற பலத்தில் பெரிய பங்கு முன்சக்கரத்துக்குத்தான். ரெண்டையும் சேர்த்துப் பிடி. முன் பிரேக்கைச் சட்டுன்னு கொத்தாப் பிடிக்காம, எலுமிச்சம்பழத்தைப் பிழியுற மாதிரி மெதுவா ஆரம்பிச்சுக் கூட்டிட்டே போ. ஹேண்டில் நேரா இருக்கும்போது மட்டும் அழுத்து. வண்டி சாய்ஞ்சிருக்கும்போதும், செம்மண் பரவின இடத்திலயும் முன் பிரேக்கை அழுத்தினா வண்டி வழுக்கிட்டுப் போயிடும். வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைச்சு முடிச்சிடணும். கிரவுண்டில் எட்டு போட்டது போதும், இனிமே அங்க போய் 30-ல் வந்து நிறுத்திப் பழகு. அப்புறம் 40-ல். டெஸ்டில் கேட்டாலும் கேட்காட்டாலும், ரோட்டில் இதைத் தினமும் கேட்கும்.

சும்மா நின்ன வண்டியோட டயரைப் பக்கவாட்டில் பாரு. பொடிப்பொடியா வெடிப்பு விட்டிருந்தா மேல பட்டை இருந்தாலும் மாத்திடு. டயர் ஓரத்தில் 'டி.டபிள்யூ.ஐ'ன்னு சின்னதா இருக்கும், அதுக்கு நேரா காடிக்குள்ள ஒரு மேடு இருக்கும். பட்டை தேஞ்சு அந்த மேட்டோட சமமாகிட்டா டயர் முடிஞ்சது. காத்து எவ்வளவுன்னு செயின் கவர் பக்கத்திலயோ புக்லயோ போட்டிருப்பாங்க, ஓட்டுறதுக்கு முன்னால சூடேறாத டயரில் பிடி. பிரேக் பிடிச்சா பின்னால சிவப்பு விளக்கு எரியுதான்னு சுவர்ப் பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்கோ. ரெண்டு கண்ணாடியும் இருக்கணும். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு வர்ற பசங்களுக்கு நான் முதல்ல கண்ணாடியை மாட்டிட்டுத்தான் மத்த வேலை பார்ப்பேன்.

முட்டுச்சந்து:
எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு பயமுறுத்தணுமா? நான் இருபது வருஷமா ஓட்டுறேன். வெயில் காலத்தில் நம்ம ஊரில் ஹெல்மெட் போட்டுட்டுக் கடைத்தெருவுக்குப் போறது முடியாத காரியம். காரைக்குடி போனா போடட்டும். பள்ளத்தூருக்குள்ள மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் எதுக்கு? 30-ல் போற வண்டிக்கு என்ன ஆகிடும்?

வார்டு அக்கா:
சிவகங்கைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவு செவிலியரா இருக்கேன். முட்டுச்சந்து அண்ணே, இந்த ஒரு கேள்விக்காகவே எழுதுறேன்.

தலை தரையில் மோதுறது வண்டி வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை. உட்கார்ந்திருக்கிற உயரத்திலிருந்து தலை கீழே வருதில்லையா, நின்ன வண்டியிலிருந்து சாய்ஞ்சு கல்லுக்கட்டில் மோதினாலே மண்டைக்குள்ள ரத்தம் கட்ட அது போதும். கடைக்குப் போய்ட்டு வர்ற வழியில் விழுந்தவங்க எங்க வார்டுக்கு வராத வாரம் இல்லை. கை, கால் ஒடிஞ்சு வர்றவங்க பல பேர் நடந்து வீட்டுக்குப் போறாங்க. தலையில் அடிபட்டவங்க சில பேர் வீட்டுக்குப் போனாலும் பழைய ஆளாப் போறதில்லை. பேர் மறந்து போகும், கோபம் அடங்காது, பிள்ளையை அடையாளம் தெரியாது. அதைப் பார்த்த பிறகு வெயிலைப் பத்திப் பேச எனக்கு மனசு வரல.

சட்டமும் சொல்லிடுறேன். மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி நாலு வயசுக்கு மேற்பட்ட எல்லாரும், ஓட்டுறவரும் பின்னால இருக்கிறவரும், ஹெல்மெட் போடணும். தலைப்பாகை கட்டின சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. ஊருக்குள்ள வேண்டாம், மெயின் ரோட்டுக்கு வேணும்னு எங்கயும் இல்லை. போடலேன்னா ஆயிரம் ரூபாய் அபராதம், லைசென்ஸை மூணு மாசம் நிறுத்தி வைக்கவும் 194-டி பிரிவில் இடம் இருக்கு.

தங்கச்சி, ஹெல்மெட் வாங்கும்போது ஐ.எஸ் 4151 எண்ணோட ஐ.எஸ்.ஐ முத்திரை பாரு. ரோட்டோரத்தில் குவிச்சு வச்சு விற்கிறதைத் தொடாதே. 2021 ஜூன் மாசத்திலிருந்து அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, பின்னாலிருந்து மேல தூக்கிப் பாரு. கழண்டு வந்தா அது உன் அளவு இல்லை. வாருக்கும் தாடைக்கும் நடுவில் ரெண்டு விரல் போகலாம், அதுக்கு மேல இடம் இருக்கக் கூடாது. ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதே, வெளியே நல்லாத் தெரிஞ்சாலும் உள்ளே இருக்கிற பஞ்சு நசுங்கியிருக்கும். இரவில் கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். வழியில் யாராவது விழுந்து கிடந்தா 108-ஐக் கூப்பிடுங்க. கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவில் போடாதீங்க, கழுத்தெலும்பு ஒடிஞ்சிருந்தா அந்தத் தூக்கல்லயே கை கால் விளங்காமப் போயிடலாம். மயக்கத்தில் இருக்கிறவருக்குத் தண்ணி, சோடா கொடுக்காதீங்க. ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க. மூச்சு விடுறாரான்னு பாருங்க, முகத்துக் கண்ணாடியைத் தூக்கி விடுங்க, தலையை ஆடாமப் பிடிச்சுக்கோங்க. ரத்தம் கொட்டுற இடத்தைத் துணி வச்சு அழுத்திப் பிடிங்க. போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து விலகிப் போறவங்க நிறைய. உதவி செஞ்சவங்களை வற்புறுத்திப் பேர், விலாசம் கேட்கக் கூடாது, அவங்க மேல வழக்கும் வராதுன்னு 2019 திருத்தத்தில் 134-ஏன்னு தனிப் பிரிவே போட்டிருக்காங்க. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், தனியாரா இருந்தாலும், கட்டணம் இல்லாம சிகிச்சை தருவாங்க. "காசு கொண்டுவந்திருக்கீங்களா"ன்னு யோசிச்சு யாரும் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

முட்டுச்சந்து:
அக்கா, நீங்க சொன்னதுக்குப் பதில் பேச என்கிட்ட ஒண்ணும் இல்லை. வேர்வைக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க, சித்திரையில் உண்மையிலேயே தலை எரியுது.

வார்டு அக்கா:
உள்ளே மெல்லிசா ஒரு பருத்தித் துணி கட்டிக்கோங்க, தினமும் துவைச்சுக்கலாம். காத்து போற துளை உள்ள ஹெல்மெட்டும் ஐ.எஸ்.ஐ முத்திரையோட கிடைக்குது. வெளிர் நிறமா வாங்குங்க, சூடு குறையும், ராத்திரியில் மத்தவங்க கண்ணுக்கும் படும்.

வயக்காடு:
நெல்லைப் பத்திப் பேச்சு வந்ததால நானும் எழுதணும். நாங்க ஆசைப்பட்டு ரோட்டில் காயப் போடல. தை, மாசியில் அறுத்த நெல் ஈரத்தோட இருந்தா வியாபாரி விலையைக் குறைப்பான், கொள்முதல் நிலையத்திலும் எடுக்க மாட்டாங்க. எங்க ஊரில் களம் இடிஞ்சு போய்க் கிடக்கு. தார் ரோடு சீக்கிரம் காய வைக்கும். அதுதான் காரணம்.

ஆனா ஒண்ணை ஒத்துக்கிறேன். நெல்லைச் சுத்திக் கல்லும் முள்ளும் வைக்கிறது தப்பு. சாயங்காலம் நெல்லை அள்ளிட்டுக் கல்லை அப்படியே விட்டுட்டுப் போறாங்க. இருட்டில் அந்தக் கல்லு யாரையும் கொன்னுடும். எங்க ஊரில் நானே இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கேன். ரோட்டில் பாதியை விட்டுக் காயப்போடுங்க, பொழுது சாயுமுன்ன கல்லை எடுங்கன்னு இங்க படிக்கிற சம்சாரிங்க எல்லாருக்கும் சொல்றேன்.

எட்டுப்போடு:
இப்படி ஒருத்தர் ஊருக்குள்ள பேசினா நாங்க பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறதைவிடப் பெரிசு, அண்ணே.

பறவை, நெல்லு, வைக்கோல், ஜல்லி எல்லாத்துக்கும் ஒரே முறைதான். வர்றதுக்கு முன்னால நல்ல தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைச்சிடு. அதுமேல ஏறின பிறகு பிரேக்கும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம், ஹேண்டிலை ஒடிக்கவும் வேண்டாம். கையை இறுக்காம, பார்வையைத் தூரத்தில் வச்சு, நேரா உருண்டு போயிடு. நெல்லு இல்லாத பாதிப் பக்கம் போகணும்னு எதிர்ப்பக்கத்துக்கு ஏறினா, எதிரே வர்றவன் அவன் பக்கத்தில்தான் வர்றான்கிறதை மறக்காதே. அவன் போகட்டும், நின்னு போ.

ஆடு மாடுன்னா, ஒண்ணு தாண்டினா இன்னொண்ணு பின்னால ஓடிவரும்னு வச்சுக்கோ. மாடு குறுக்க நடந்தா அதோட வால் பக்கமாப் போ, தலைப் பக்கம் போகாதே. மயில் காலையிலயும் பொழுது சாயுற நேரத்திலயும் தாழப் பறந்து குறுக்க வரும், நெஞ்சு உயரத்துக்கே வரும். நாய் துரத்தினா உதைக்கக் காலைத் தூக்காதே, காலைத் தூக்கினதும் வண்டி தடுமாறும்.

பிளஸ்டூ அப்பா:
இடையில் கேட்கிறதுக்கு மன்னிக்கணும். என் பையனுக்கு 17. டியூஷனுக்கு என் ஸ்கூட்டரைத்தான் எடுத்துட்டுப் போறான். ஊருக்குள்ளதானேன்னு விட்டிருக்கேன். கியர் இல்லாத வண்டிக்கு 16 வயசிலயே லைசென்ஸ் உண்டுன்னு சொல்றாங்களே?

எட்டுப்போடு:
உண்டு, ஆனா 50 சிசிக்கு மேல போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், பெத்தவங்க சம்மதத்தோட. இப்போ கடையில் விற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாம் 50 சிசிக்கு மேல. அதனால உங்க ஸ்கூட்டருக்கு அந்த லைசென்ஸ் செல்லாது.

199-ஏ பிரிவை நீங்க தெரிஞ்சுக்கணும். வயசு வராத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினா, குற்றம் பெத்தவங்க மேலயும் வண்டி உரிமையாளர் மேலயும் வரும். மூணு வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியோட பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயசு ஆகுற வரைக்கும் எல்.எல்.ஆர் கூடக் கிடையாது. யார் மேலயாவது மோதிட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவங்களுக்குக் கொடுத்தாலும் அந்தப் பணத்தை உங்ககிட்டத் திருப்பிக் கேட்கும். நாளைக்கே சாவியை வாங்கி வச்சிடுங்க. சைக்கிளில் போகட்டும், பாதுகாப்பா இருக்கட்டும்.

பிளஸ்டூ அப்பா:
சாவி என்கிட்ட வந்தாச்சு. வீட்டில் சத்தம்தான், பரவாயில்லை. 18 ஆனதும் உங்ககிட்டயே அனுப்புறேன்.

பள்ளத்தூர்ப் பறவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டயர் ரெண்டும் மாத்தியாச்சு, கிளட்ச்வயர் அண்ணன் சொன்ன மாதிரி ஓரத்தில் வெடிப்பு இருந்தது. பழைய வண்டிதான், சி.பி.எஸ் கூட இல்லை. கிரவுண்டில் பிரேக் பழகுறேன். வாய்விட்டுப் பேசிட்டே ஓட்டுறதும் நல்லா இருக்கு, எங்க சித்தப்பா பின்னால உட்கார்ந்து எல்லாத்தையும் திருத்துறார்.

புதுப் பயம் ஒண்ணு. எதிரே வர்ற பஸ் இன்னொரு லாரியை முந்திட்டு என் பக்கத்துக்கே வந்துடுது. நான் எங்க போறது? ரோட்டை விட்டு இறங்கினா ஓரத்தில் ஒரு சாண் பள்ளம், அப்புறம் செம்மண்.

நெல்லு லாரி:
புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லோடு அடிக்கிறவன். லாரிக்காரன் பக்கத்திலிருந்து சொல்றேன்.

எதிரே ரெண்டு வண்டி வரிசையா வருது, பின்னால இருக்கிறது மூக்கை நீட்டி நீட்டிப் பார்க்குதுன்னா அது முந்தப் போகுதுன்னு அர்த்தம். அப்பவே வேகத்தைக் குறைச்சு இடது பக்கம் ஒதுங்கு. லைட்டை ஒரு தடவை அடிச்சுக் காட்டலாம், ஆனா அதை நம்பி நிக்காதே. அவன் நம்ம பக்கம் வந்துட்டா, நியாயம் உன் பக்கம் இருந்தாலும் அங்க வாதாட முடியாது. நல்லா வேகம் குறைஞ்ச பிறகு, வண்டியை நேரா வச்சு, மெதுவா மண்ணில் இறங்கி நில்லு. மண்ணில் முன் பிரேக்கைத் தொடாதே.

விழுறவங்க நிறையப் பேர் இறங்கும்போது விழுறதில்லை, திரும்ப ஏறும்போதுதான். பஸ் போனதும் ஓடுற வண்டியை அப்படியே லேசாச் சாய்ச்சு ஏத்தப் பார்ப்பாங்க. டயர் அந்தத் தார் விளிம்போட ஓரத்தில் உரசிட்டே போகும், ஏறாது, ஹேண்டில் திருகிக்கும், நடுரோட்டில் போய் விழுவாங்க. பின்னால வர்ற நான் எங்க நிறுத்துவேன்? அதனால நின்னுடு. பின்னால பார். ரோடு காலியானதும் விளிம்பை நல்லாக் குறுக்குவாக்கில் வெட்டி ஏறு.

லாரிக்குப் பின்னால ஒட்டி வராதே. என் ரெண்டு கண்ணாடியும் உனக்குத் தெரியலேன்னா நீயும் எனக்குத் தெரியல. இடது பக்கமா உள்ளே நுழையாதே, நான் இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமா ஒடுங்கி வரும். வைக்கோல் ஏத்தின டிராக்டர் பின்னால விளக்கே இருக்காது, பொழுது சாய்ஞ்சா முன்னால ஒரு கறுப்பு மேடு நகர்ற மாதிரிதான் தெரியும். இதுக்கெல்லாம் எட்டுப்போடு சொன்ன, தெரியிற ரோட்டுக்குள்ள நிக்கணும்ங்கிற அதே கணக்குதான்.

பாதயாத்திரைக்காரன்:
தை மாசம் பத்தி யாரும் எழுதலயே. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி கட்டி நடக்கிறவங்க குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாப் போவாங்க. வெயிலுக்குப் பயந்து விடியறதுக்கு ரொம்ப முன்னாலயே நடக்க ஆரம்பிச்சிடுவோம். பனி இருக்கும். மஞ்சள், காவி உடுப்பு ராத்திரியில் நீங்க நினைக்கிற அளவுக்குத் தெரியாது. நடக்கிற நாங்களும் பையில் ஒளி திருப்புற ஸ்டிக்கர் ஒட்டிக்கணும், வண்டி எதிரே வர்ற பக்கமா, வலது ஓரத்தில் நடக்கணும்னு எங்க குழுவில் சொல்லிட்டே இருக்கோம். எல்லாரும் கேட்கிறதில்லை. அந்த நாட்கள்ல குன்றக்குடி, பிள்ளையார்பட்டி ரோட்டில் இருட்டில் வர்றவங்க எதிர் லைட் கண்ணைக் கூசும்போது முன்னால கூட்டம் இருக்குன்னே நினைச்சுக்கோங்க.

அதே மாதிரி பொங்கல் சமயம் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்னைக்கு அந்தப் பக்கம் புதுசாப் பழகுறவங்க போகவே வேண்டாம். மூணு பேர் ஏறின வண்டி, குடிச்சிட்டு ஓட்டுறவங்க, அவிழ்த்துவிட்ட மாடு, எல்லாம் ஒரே ரோட்டில். பைக்கில் ஓட்டுறவரோட சேர்த்து ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல மது இருந்தா முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறையும் உண்டு. அன்னைக்கு இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பள்ளத்தூர்ப் பறவை:
லைசென்ஸ் வந்துருச்சு! எட்டு போட்டதைவிட, இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்ன இடத்தில் ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிச்சு நேரா நிறுத்தினதுதான் எனக்குச் சந்தோஷம். அப்பத்தா சேலைதான் அடுத்த கவலை. ஒரு பக்கமா உட்கார்ந்துதான் பழக்கம்.

கிளட்ச்வயர்:
வாழ்த்துகள் தங்கச்சி. பின்சக்கரத்தில் சேலை மாட்டாம இருக்கிற தடுப்பும், பிடிச்சுக்கக் கைப்பிடியும், கால் வைக்கிற இடமும் பைக்கில் இருக்கணும்னு விதியே இருக்கு. அப்பா வண்டியில் தடுப்பைக் கழட்டியிருந்தா முதல்ல அதை மாட்டு. முந்தானையை இடுப்பில் நல்லாச் சொருகச் சொல்லு. முடிஞ்சா ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லிப் பாரு, ஒரு பக்கம் உட்கார்ந்தா எடை ஒரு பக்கமா இழுக்கும், திருப்பத்தில் தடுமாறும். முடியலேன்னா 30-க்கு மேல போகாதே. அப்பத்தாவுக்கும் அளவான ஹெல்மெட் வேணும். பின் டயருக்குக் காத்து ரெண்டு பேர் ஏறினா எவ்வளவுன்னு தனியாப் போட்டிருக்கும், அதைப் பிடி. உன் துப்பட்டாவையும் மறந்துடாதே.

பள்ளத்தூர்ப் பறவை:
சரிண்ணே. கடைசியா ஒண்ணு. இந்த வாரம் ஆபீஸ் முடிய இருட்டிடுது. எதிரே வர்றவங்க எல்லாருமே பிரைட் போட்டுட்டு வர்றாங்க. ஒரு நொடி ஒண்ணுமே தெரியல. நானும் பிரைட் அடிச்சுக் காட்டணுமா?

எட்டுப்போடு:
ஒரு தடவை அடிச்சுக் காட்டி உடனே டிம்முக்கு வந்துடு. பிடிவாதமாப் பிரைட் போட்டு நின்னா ரெண்டு குருடர் எதிர் எதிரே வர்ற நிலைமைதான். அவன் விளக்கைப் பார்க்காதே, ரோட்டோட இடது ஓரத்தை, வெள்ளைக் கோடு இருந்தா அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே வேகத்தைக் குறை. அவன் தாண்டின பிறகும் கண்ணு பழைய நிலைக்கு வர சில வினாடி ஆகும், அந்த வினாடிகள்லதான் முன்னால போற சைக்கிளும் விளக்கில்லாத டிராக்டரும் மறைஞ்சிருக்கும், அதனால உடனே முறுக்கிடாதே. ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தா வெளிச்சம் சிதறி இன்னும் கூசும், மாத்திடு. உன் ஹெட்லைட் மேல பார்த்து நிக்குதான்னும் கிளட்ச்வயர்கிட்ட ஒருதரம் காட்டிக்கோ. ஐப்பசி மழை வேற ஆரம்பிக்கப் போகுது. முதல் மழையில் ரோட்டில் கிடக்கிற எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். ரயில்வே கேட் தண்டவாளம், தெருவில் போட்ட வெள்ளைப் பட்டை, சாக்கடை இரும்பு மூடி இதெல்லாம் நனைஞ்சா பிடிப்பே இருக்காது. தண்டவாளத்தை நேர்க்குத்தாக் குறுக்கே கட, சாய்வா ஏறாதே. இந்த வாரம் ஆறு மணிக்குள்ள கிளம்ப முடியுமான்னு ஆபீஸில் கேட்டுப் பாரு. முடியலேன்னா முதல் சில நாள் சித்தப்பாவைப் பின்னால உட்கார வச்சுட்டு வா.

பள்ளத்தூர்ப் பறவை:
கேட்டுட்டேன். அஞ்சரைக்கு விட்டுடுறாங்களாம், மழைக்காலம் முடியுற வரைக்கும்.